ஒரு கம்ப்யூட்டர், ஐந்து வகுப்புகள்: வீட்டு வாசலில் தொடங்கும் புவியியல்

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. கடிதம் டைப் செய்து பார்த்தாயிற்று. சீட்டு விளையாட்டும் ஆடிப் பார்த்தாயிற்று. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் "கேம்ஸ் போடுங்க" என்று சுற்றி நிற்கிறார்கள். அவர்களுக்கு உருப்படியாக வேறு எதைக் காட்டலாம் என்று யோசிக்கும் வாசகர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் கம்ப்யூட்டர் நிபுணர் இல்லை. ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை. மவுஸைப் பிடிக்கக் கற்றதே பணி ஓய்வுக்குப் பிறகுதான். எனவே நான் செய்ததை நீங்களும் செய்ய முடியும்.

முதலில், இதை ஏன் தொடங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் ஸ்ரீரங்கம். எதிர்வீட்டுச் சிறுமி அப்போது மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். ஒரு திருவிழா நாளில் பாட்டியுடன் போனவள் கூட்டத்தில் கை நழுவித் தனியாகிவிட்டாள். பூ விற்கும் அம்மா ஒருவர் அழுதுகொண்டு நின்றவளிடம், "உங்க வீடு எங்கம்மா?" என்று கேட்டிருக்கிறார். "சித்திரை வீதி. பச்சைக் கதவு வீடு" என்றிருக்கிறாள். ஸ்ரீரங்கம் வந்தவர்களுக்குத் தெரியும், கோயிலைச் சுற்றி நான்கு பக்கமும் சித்திரை வீதிதான். கிழக்குச் சித்திரை வீதி, தெற்குச் சித்திரை வீதி என்று திசையைச் சேர்த்துச் சொன்னால்தான் முகவரி முழுமையாகும். அந்த அம்மா வியாபாரத்தை விட்டுவிட்டுக் கிழக்குச் சித்திரை வீதியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக இரண்டு முறை நடந்திருக்கிறார். வீடு இருந்ததோ மேற்கில். குழந்தை வீடு வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆனது.

அந்தச் சிறுமி இந்தியாவின் மாநிலங்களையும் தலைநகரங்களையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். என் திண்ணையில் உட்கார வைத்து ஒப்பிக்கக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். இட்டாநகர் எந்த மாநிலத்தின் தலைநகர் என்று தெரிந்த குழந்தைக்குத் தன் வீடு கோயிலுக்கு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அது எனக்குச் சுருக்கென்று உறைத்தது.

அந்த மாதம்தான் மகன் எனக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தான்.

நான் செய்த முதல் தவறு

கம்ப்யூட்டரில் கூகுள் எர்த் என்ற புரோகிராம் இருக்கிறது, அதில் உலகத்தையே பார்க்கலாம் என்று மகன் காட்டினான். மறுநாள் மாலையே பேரன், பேத்தி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் என்று ஐந்து பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை வகுப்புக்கு ஒருவர். திரையில் உலக உருண்டை சுழன்றது. ஊர்ப் பெயரை டைப் செய்ததும் வானத்திலிருந்து குதிப்பதுபோல் ஸ்ரீரங்கத்தில் இறங்கியது. பிள்ளைகள் "ஹே!" என்று கத்தினார்கள். எனக்கும் பெருமை.

அப்போது ஒன்றாம் வகுப்புப் பையன் எழுந்து மாடிக்கு ஓடினான். எதற்கு என்று போய்ப் பார்த்தால், வானத்தைப் பார்த்துக் கை ஆட்டிக்கொண்டிருக்கிறான். "டீச்சர், நான் டிவியில தெரியறேனா?" என்று கேட்டான்.

மறுநாள் "நேற்று என்ன பார்த்தோம்?" என்று கேட்டேன். "உருண்டை சுத்துச்சு" என்றார்கள். அவ்வளவுதான். உலகத்திலிருந்து வீட்டுக்கு வந்தது தவறு, வீட்டிலிருந்துதான் உலகத்துக்குப் போக வேண்டும் என்று அன்று புரிந்துகொண்டேன்.

இன்னொன்றையும் நினைத்துக்கொண்டேன். நான் பல ஆண்டுகள் வேலை பார்த்தது ஈராசிரியர் பள்ளியில். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் விடுப்பு எடுத்தால் ஐந்து வகுப்பும் ஒருவருக்கே. அங்கே ஒவ்வொரு வகுப்புக்கும் தனித்தனிப் பாடம் நடத்தினால் பொழுது போதாது. ஒரே பொருளை நடுவில் வைத்து வகுப்புக்கு ஒரு கேள்வி கேட்க வேண்டும். வேப்பங்கிளை ஒன்றை வைத்தால் ஒன்றாம் வகுப்பு நிறம் சொல்லும், ஐந்தாம் வகுப்பு இலையின் பாகங்களை எழுதும். வீட்டில் ஒரே கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு செய்ய வேண்டியதும் இதுதான்.

கம்ப்யூட்டரை ஆன் செய்வதற்கு முன்

முதல் மூன்று நாட்கள் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. பேப்பர், பென்சில் மட்டும்தான்.

முதல் நாள் ஒரு டம்ளர், ஒரு தீப்பெட்டி, ஒரு செருப்பு ஆகியவற்றைத் தரையில் வைத்து, நின்றபடி நேர் மேலிருந்து பார்த்து வரையச் சொன்னேன். டம்ளரை வட்டமாக வரைந்தவன் பாதிப் பாடத்தைக் கற்றுவிட்டான். மேப் என்பது மேலிருந்து பார்த்து வரைந்த படம் என்பது இங்கேயே புரிந்துவிடுகிறது.

இரண்டாம் நாள் காலையில் மொட்டை மாடியில் சூரியனைப் பார்த்து நிற்க வைத்தேன். (சூரியனையே உற்றுப் பார்க்கக் கூடாது, அந்தப் பக்கம் திரும்பி நின்றால் போதும்.) எதிரே கிழக்கு, முதுகுப் பக்கம் மேற்கு, இடது கைப் பக்கம் வடக்கு, வலது கைப் பக்கம் தெற்கு. எங்களுக்கு வசதியாக எல்லாத் திசைக்கும் அடையாளம் உண்டு. தெற்கே ராஜகோபுரம், அதைத் தாண்டிக் காவிரி, வடக்கே கொள்ளிடம், கோயிலின் கிழக்குப் பக்கம் வெள்ளைக் கோபுரம். உங்கள் ஊரில் தண்ணீர்த் தொட்டி, தியேட்டர், மசூதி, மாதா கோயில் என்று எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் வழியை நினைவிலிருந்து வரையச் சொன்னேன். அந்தப் பேப்பர்களைப் பத்திரமாக எடுத்து வைத்தேன். நீங்களும் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

புரோகிராமைத் தயார் செய்தல்

நான் பயன்படுத்துவது கூகுள் எர்த் ப்ரோ. முன்பு இதற்குக் கட்டணம் இருந்தது. 2015 முதல் இலவசம். கூகுளில் இந்தப் பெயரைத் தேடி, கூகுளின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். இதை இயக்க இன்டர்நெட் இணைப்பு தேவை. இன்ஸ்டால் செய்ய விருப்பம் இல்லாதவர்கள் பிரவுசரிலேயே கூகுள் எர்த் தளத்தைத் திறந்து பார்க்கலாம். நான் கீழே சொல்லும் மெனுக்கள் ப்ரோவில் உள்ளவை.

பிள்ளைகளைக் கூப்பிடுவதற்கு முன் கீழ்க்கண்டவற்றைச் செய்துகொள்ளுங்கள்.

1. டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் என்பதில் கிளிக் செய்யுங்கள். 3டி வியூ என்ற பகுதியில் அளவு முறையை மீட்டர், கிலோமீட்டர் என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் அடி, மைல் என்று காட்டிக் குழப்பும்.

2. அதே பாக்ஸில் நேவிகேஷன் என்ற பகுதிக்குச் செல்லுங்கள். ஜூம் செய்யும்போது தானாகச் சாய வேண்டாம் என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். இது முக்கியம். படம் சாய்ந்துவிட்டால், மேலிருந்து பார்ப்பது என்று நாம் சொல்லிக்கொடுத்தது பொய்யாகிவிடும்.

3. இடது பக்கம் கீழே லேயர்ஸ் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் டெரெய்ன் தவிர மற்ற டிக் அடையாளங்களை எல்லாம் எடுத்துவிடுங்கள். ஊர்ப் பெயர்கள், எல்லைக்கோடுகள் மறைந்துவிடும். பெயர் தெரிந்தால் பிள்ளைகள் படத்தைப் பார்க்க மாட்டார்கள், பெயரைத்தான் படிப்பார்கள். பதிலைச் சரிபார்க்கும்போது டிக் செய்துகொள்ளலாம்.

4. மூன்று விசைகளை நினைவில் வையுங்கள். முதலில் படத்தின் மேல் ஒருமுறை கிளிக் செய்யுங்கள். பிறகு ஆங்கில 'என்' விசையை அழுத்தினால் வடக்கு மேலே வந்துவிடும். 'யூ' அழுத்தினால் சாய்ந்த படம் நேர் மேலிருந்து பார்ப்பதாக மாறும். 'ஆர்' அழுத்தினால் இரண்டும் சேர்ந்து நடக்கும். பிள்ளைகள் படத்தை எப்படித் திருப்பிப் போட்டாலும் பயப்பட வேண்டாம்.

5. திரையின் கீழ் ஓரத்தைப் பாருங்கள். கர்சர் இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம், நாம் எவ்வளவு உயரத்திலிருந்து பார்க்கிறோம் என்ற அளவு ஆகியவை வரிசையாக இருக்கும். படம் எடுத்த தேதியும் அங்கே இருக்கும். மாடியில் கை ஆட்டிய பையனுக்கு அந்தத் தேதியைத்தான் காட்டினேன். "இது டிவி இல்லடா, பழைய போட்டோ" என்றதும் புரிந்துகொண்டான். படங்கள் சில ஆண்டுகள் பழையதாகவும் இருக்கலாம்.

ஒரே படம், ஐந்து கேள்விகள்

இப்போது சுமார் இரண்டு கிலோமீட்டர் உயரத்திலிருந்து உங்கள் தெருவைத் திரைக்குக் கொண்டு வாருங்கள். எங்கள் ஊரில் கோயில் மதில்கள் ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு செவ்வகங்களாகத் தெரிகின்றன. இந்த ஒரு படத்தை வைத்துத்தான் ஐந்து வகுப்புக்கும் பாடம்.

ஒன்றாம் வகுப்பு: இது என்ன?

எது மரம், எது தண்ணீர், எது கூரை, எது மணல்? நிறத்தையும் உருவத்தையும் பார்த்துச் சொல்ல வேண்டும். "கோபுரம் ஏன் உயரமா தெரியல?" என்று எங்கள் வீட்டுச் சின்னவன் கேட்டான். டம்ளர் வட்டமாகத் தெரிந்ததை நினைவுபடுத்தினேன். பக்கத்தில் விழுந்திருக்கும் நிழலைக் காட்டினேன். நிழல் நீளமாக இருந்தால் பொருள் உயரம் என்று அவனே சொன்னான். ராஜகோபுரத்தின் உயரம் சுமார் 72 மீட்டர். பக்கத்து வீடுகளின் நிழலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இந்த வகுப்புக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் திரை வேண்டாம். பிறகு பார்த்ததை வண்ணப் பென்சிலால் வரையட்டும்.

இரண்டாம் வகுப்பு: எந்தப் பக்கம்?

கோயிலுக்கு எந்தப் பக்கம் காவிரி? எந்தப் பக்கம் நம் வீடு? பதில் சொன்னதும், வலது பக்க மேல் மூலையில் உள்ள திசைகாட்டி வளையத்தை மவுஸால் பிடித்துச் சுழற்றுங்கள். படம் திரும்பிவிடும். இப்போது அதே கேள்வியைக் கேளுங்கள். முதல் நாள் என் பேத்தி "காவிரி இப்ப மேல வந்துடுச்சு, அதனால வடக்கு" என்றாள். திசை மாறவில்லை, படம்தான் திரும்பியது என்று புரிய நான்கு நாட்கள் ஆயின. அவசரப்படவில்லை. மேப்பில் மேலே இருப்பதெல்லாம் வடக்கு என்று மனப்பாடம் செய்த பெரியவர்களே எத்தனையோ பேர்!

சித்திரை வீதி நான்கையும் விரலால் தொட்டு, திசையோடு பெயர் சொல்லப் பழக்கினேன். இது எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் கட்டாயப் பாடம்.

மூன்றாம் வகுப்பு: எவ்வளவு தூரம்? மேப்பாக மாற்றுவது எப்படி?

முதலில் காலால் அளக்க வேண்டும். வாசலிலிருந்து தெருமுனை வரை எத்தனை அடி வைக்கிறாள் என்று எண்ணினோம். பத்து அடி வைத்ததை டேப்பால் அளந்தால் ஐந்து மீட்டர் வந்தது. அப்படியென்றால் 400 அடிக்கு 200 மீட்டர். இப்போது டூல்ஸ் மெனுவில் ரூலர் என்பதில் கிளிக் செய்து, வாசலில் ஒரு கிளிக், தெருமுனையில் ஒரு கிளிக். கணக்கு ஏறக்குறைய சரியாக வந்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதன் பிறகு கோயிலின் வெளி மதிலை அளந்தாள். நீண்ட பக்கம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

அடுத்து, போட்டோவை மேப்பாக மாற்றுவது. விண்டோஸ் விசை, ஷிப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். திரையில் வேண்டிய பகுதியை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுங்கள். பெயிண்ட் புரோகிராமைத் திறந்து கன்ட்ரோல் மற்றும் வி அழுத்தினால் படம் அங்கே வந்துவிடும். விண்டோஸ் 11-ல் உள்ள பெயிண்டில் லேயர்ஸ் என்ற வசதி உண்டு. அதில் கிளிக் செய்து பிளஸ் அடையாளத்தை அழுத்தினால், படத்தின் மேல் கண்ணாடித்தாள் விரித்ததுபோல் ஒரு புதிய லேயர் கிடைக்கும். அதில் ஆற்றுக்கு நீலம், தெருவுக்குப் பழுப்பு, கோயிலுக்கு ஒரு சிறிய அடையாளம் என்று வரையட்டும். முடித்ததும் அடியில் உள்ள போட்டோ லேயரின் கண் அடையாளத்தில் கிளிக் செய்து மறைத்துவிடுங்கள். மேப் மட்டும் மிஞ்சும்! போட்டோவில் எல்லாம் இருக்கும். மேப்பில் நாம் தேர்ந்தெடுத்தது மட்டும் இருக்கும் என்பதை இதைவிட எளிதாகக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

பழைய விண்டோஸ் வைத்திருப்பவர்கள் படத்தைப் பிரிண்ட் எடுத்து, ஜன்னல் கண்ணாடியில் வைத்து மேலே மெல்லிய தாள் ஒட்டி வரையலாம். மானிட்டர் மேல் தாள் வைத்து வரைய மட்டும் விடாதீர்கள். திரை அழுத்தம் தாங்காது.

நான்காம் வகுப்பு: தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

இப்போது வீட்டை விட்டு வெளியே போகலாம். காவிரியைப் பிடித்துக்கொண்டு மேற்கே போகச் சொன்னேன். மவுஸால் படத்தை நகர்த்திக்கொண்டே போக வேண்டும், ஆற்றை விட்டு விலகக் கூடாது. முதலில் வருவது முக்கொம்பு. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடம் அதுதான். 1830களில் ஆர்தர் காட்டன் அங்கே மேலணை கட்டினார். பிறகு கரூர்ப் பக்கம் அமராவதி வந்து சேர்கிறது, பவானியில் பவானி ஆறு. அப்புறம் மேட்டூர், ஒகேனக்கல், கிருஷ்ணராஜசாகர், கடைசியில் குடகு மலையில் தலைக்காவிரி. ஒவ்வொரு இடத்திலும் ஆட் மெனுவில் பிளேஸ்மார்க் என்பதைக் கிளிக் செய்து ஒரு மஞ்சள் ஊசியைக் குத்திப் பெயர் கொடுக்கலாம்.

ஒவ்வொரு ஊசி அருகிலும் கர்சரை வைத்து, கீழே தெரியும் உயரத்தை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தலைக்காவிரிப் பக்கம் சுமார் 1,300 மீட்டர், கிருஷ்ணராஜசாகரில் சுமார் 750, மேட்டூர் நீர்த்தேக்கத்தில் சுமார் 240, எங்கள் ஊரில் நூறுக்கும் கீழே, பூம்புகாரில் கடல் மட்டம். எண்கள் இறங்கிக்கொண்டே வருவதைப் பார்த்து, நான்காம் வகுப்புப் பையன் "அதான் தண்ணி இந்தப் பக்கம் வருது" என்றான். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எத்தனையோ ஆண்டுகள் "காவிரி குடகில் உற்பத்தியாகி" என்று கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். எழுதிய அந்த வரியில் சரிவு தெரியாது.

கல்லணைக்குக் கிழக்கே ஆறு பல கிளைகளாகப் பிரிந்து விசிறிபோல் விரிகிறது. ஏன் என்று கேளுங்கள். அங்கே தரை ஏறக்குறைய சமம் என்பதை உயர எண்களே காட்டிவிடும். டெல்டா என்ற சொல்லை அதன் பிறகு சொல்லுங்கள்.

வியூ மெனுவில் ஹிஸ்டாரிக்கல் இமேஜரி என்பதைக் கிளிக் செய்தால் பழைய படங்களும் கிடைக்கும். மேலே வரும் பட்டையை இழுத்தால் ஆண்டுகள் மாறும். முக்கொம்பில் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடத்தின் பழைய மதகுகளில் ஒன்பது இடிந்து போயின. பிறகு அருகே புதிய கதவணை எழுந்தது. அதற்கு முந்தைய படத்தையும் பிந்தைய படத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ஒரே ஆறு ஒரு படத்தில் மணலாகவும் இன்னொன்றில் தண்ணீராகவும் இருப்பதையும் பார்க்கலாம்.

ஐந்தாம் வகுப்பு: உலகில் நாம் எங்கே?

கடைசியாகத்தான் உருண்டை. முதலில் ஒரு கமலா ஆரஞ்சை உரித்து, தோலைக் கிழிக்காமல் மேஜையில் சமமாகப் பரப்பச் சொன்னேன். முடியாது. ஓரங்கள் கிழியும், அல்லது இழுக்க வேண்டும். உருண்டையைத் தாளில் வரைந்தவர்களுக்கும் இதே தொல்லைதான். மெர்கேட்டர் 1569-ல் வெளியிட்ட முறையில் வரைந்த உலக மேப்பில் துருவங்களை நெருங்க நெருங்க நிலம் பெரிதாக இழுபடும். கடலில் திசை பார்த்துக் கப்பல் ஓட்ட அது மிக வசதி. பரப்பளவை ஒப்பிட உதவாது.

அந்த முறையில் வரைந்த மேப் ஒன்றைக் காட்டி, "கிரீன்லாந்து பெரிதா, இந்தியா பெரிதா?" என்று கேளுங்கள். எல்லோரும் கிரீன்லாந்து என்பார்கள். இப்போது கூகுள் எர்த்தில் இந்தியாவைத் திரையின் நடுவில் வைத்து, பார்க்கும் உயரத்தை 6,000 கிலோமீட்டர் ஆக்குங்கள். அதே உயரத்தில் கிரீன்லாந்தை நடுவில் கொண்டு வாருங்கள். என் பேரன் மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்தான். இந்தியா சுமார் 33 லட்சம் சதுர கிலோமீட்டர், கிரீன்லாந்து சுமார் 22 லட்சம்தான். ஆப்பிரிக்காவோ சுமார் 3 கோடி. கிரீன்லாந்தைப்போல் ஏறக்குறைய 14 மடங்கு. "அப்ப மேப் பொய் சொல்லுதா பாட்டி?" என்றான். பொய் இல்லை, ஒன்றைச் சரியாகக் காட்ட இன்னொன்றை விட்டுக்கொடுக்கிறது என்றேன். எந்த மேப்பைப் பார்த்தாலும் இது எதற்காக வரைந்தது என்று கேட்கும் பழக்கம் அன்றிலிருந்து அவனுக்கு வந்திருக்கிறது.

அடுத்தது அட்சரேகை. கன்ட்ரோல் மற்றும் எல் அழுத்தினால் உருண்டையின் மேல் கோடுகள் வரும். ஸ்ரீரங்கம் வடக்கு 11 டிகிரியை ஒட்டி இருக்கிறது. எங்கள் ஊரைப்போலவே ஆற்றுக்கு நடுவில் உள்ள இன்னொரு தீவு, அசாமில் பிரம்மபுத்திராவில் உள்ள மஜூலி. அது சுமார் 27 டிகிரி. வித்தியாசம் 16. ஒரு டிகிரிக்குச் சுமார் 111 கிலோமீட்டர். பெருக்கினால் வடக்கே எத்தனை கிலோமீட்டர் போக வேண்டும் என்று தெரியும். புவியியல் வகுப்பில் கணக்கும் வந்துவிட்டது!

வியூ மெனுவில் சன் என்பதைக் கிளிக் செய்து பட்டையை இழுத்தால் உருண்டையின் மேல் பகலும் இரவும் நகரும். அருணாசலப் பிரதேசத்தில் விடிந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்துத்தான் குஜராத்தின் மேற்குக் கோடியில் விடியும். பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது; இரண்டு கோடிக்கும் இடையே சுமார் 29 டிகிரி. ஆனாலும் நாடு முழுவதும் 82.5 டிகிரி கிழக்கை வைத்து ஒரே நேரம். ஏன் என்று பிள்ளைகள் விவாதிக்கட்டும்.

ஒரு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது?

முதல் பத்து நிமிடம் எல்லோரும் திரை முன். அன்றைய படத்தைப் பார்த்து வகுப்புக்கு ஒரு கேள்வி. அடுத்த நாற்பது நிமிடம் ஒவ்வொருவரும் முறை வைத்துக் கம்ப்யூட்டரில். மற்றவர்கள் தரையில் உட்கார்ந்து பேப்பரில். முறை வராத பெரியவர்கள் சின்னவர்களுக்கு உதவ வேண்டும். கடைசிப் பத்து நிமிடம் சின்னவர் முதல் பெரியவர் வரை எழுந்து நின்று, அன்று கண்டுபிடித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நான்காம் வகுப்பு சொல்வதை இரண்டாம் வகுப்பு கேட்டுக்கொண்டிருக்கும். புரியாவிட்டாலும் காதில் விழுந்திருக்கும். தன் முறை வரும்போது புதிதாக இருக்காது. ஈராசிரியர் பள்ளியின் பலமே இதுதான்.

கவனிக்க வேண்டியவை

மின்சாரமோ இன்டர்நெட்டோ எப்போது போகும் என்று சொல்ல முடியாது. முதல் நாளே வேண்டிய படங்களை பைல் மெனுவில் சேவ், சேவ் இமேஜ் மூலம் சேமித்து, புவியியல் என்று ஒரு போல்டரில் வையுங்கள். முக்கியமான ஒன்றிரண்டைப் பிரிண்ட் எடுத்தும் வையுங்கள்.

வீட்டு வாசலில் ஊசி குத்தி, குழந்தையின் பெயரை எழுதி, அந்தப் பைலை யாருக்கும் அனுப்பாதீர்கள். பொது மேப்களில் குழந்தையின் பெயரையோ போட்டோவையோ சேர்க்காதீர்கள். 'வீடு' என்று பெயர் கொடுத்தால் போதும். அதுவும் நம் கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டும்.

பிள்ளையைத் தனியாகத் திரை முன் உட்கார வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனால் இது பாடமாக இருக்காது. பறக்கும் கேமாக மாறிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேளுங்கள். பதில் உங்களுக்கும் தெரியாவிட்டால் சேர்ந்து தேடுங்கள்.

பழைய பேப்பரை எடுங்கள்

மூன்று மாதம் கழித்து, முதல் வாரம் வரைந்த வழிப் படங்களைத் திருப்பிக் கொடுத்து மறுபடியும் வரையச் சொன்னேன். எதிர்வீட்டுச் சிறுமியின் முதல் படத்தில் ஒரு வீடு, ஒரு பச்சைக் கதவு, ஒரு கோணல் கோடு, ஒரு பள்ளிக்கூடம் மட்டும்தான் இருந்தன. இரண்டாவதில் நான்கு சித்திரை வீதிகளும் இருந்தன. மேலே வடக்கு என்று அம்புக்குறி. ராஜகோபுரம், வெள்ளைக் கோபுரம், பால் கடை, அரச மரம். எங்கள் தெருவில் மேற்கு என்ற சொல்லின் கீழ் மட்டும் சிவப்பில் இரண்டு கோடுகள்.

அந்தப் பேப்பரை அவளுடைய பாட்டி மடித்து மணிபர்ஸில் வைத்திருக்கிறார். இப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. போன திருவிழாவுக்குக் கிளம்பும்போது பாட்டி, "கையை விட்டுட்டா என்னடி பண்ணுவ?" என்று கேட்டிருக்கிறார்.

"ராஜகோபுரத்துக்குள்ள வந்து கோயிலைப் பார்த்து நிக்கணும் பாட்டி. இடது கைப் பக்கம்தான் மேற்கு, நம்ம வீடு. நீங்க தொலைஞ்சாலும் அப்படியே வந்துடுங்க."

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இன்று மாலை உலக உருண்டையைத் தேடாதீர்கள். உங்கள் தெருவைத் தேடுங்கள். அதற்கும் முன்னால் பிள்ளையின் கையில் ஒரு பேப்பரையும் பென்சிலையும் கொடுத்து, வீட்டுக்கு வழி வரையச் சொல்லிப் பாருங்கள்.